குளக்கட்டுப் பெட்டிகளை வெயில் கொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில், வன்னி வெயிலுக்கு இலத்திரனியல் கருவிகள் தாக்குப்பிடிக்காது என்று ஒரு அன்பர் எழுதியிருந்தார். குளக்கட்டுகளில் பூட்டிய நீர்மட்டப் பதிவுப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன, அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு முன்பு போல அளவுகோலைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவோம் என்பது அவருடைய யோசனை. அளவுகோலோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது கரண்ட் கேட்காது, பாஸ்வேர்டும் கேட்காது. ஆனால் அன்பர் சொன்ன காரணம் பிழை. அந்தக் காரணத்தை எல்லோரும் நம்பிவிட்டால், நாளை வேறொரு திட்டத்தில் வரும் பெட்டிகளும் இதே வழியால்தான் போகும். ஆகவே கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. இடம் போதாவிட்டால் வெட்டுங்கள், எண்களை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் பரந்தன் சந்திக்குக் கிட்ட ஒரு சிறிய திருத்தகம் வைத்திருக்கிறேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றறி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்ட தலைமுறை நாங்கள். இப்போது என் மேசைக்கு வருபவை வேறு. சோலார் பம்பியின் கட்டுப்பாட்டுப் பெட்டி, ரூட்டர், கமராப் பதிவுப் பெட்டி, அவற்றோடு இந்த நீர்மட்டப் பெட்டிகள்.

முதலாவது பெட்டியைக் கொண்டுவந்தவர் ஒரு கமக்கார அமைப்பின் தலைவர். உரப்பையில் சுற்றி மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்தார். "தம்பி, இது வெயில் குடிச்சுச் செத்துப்போச்சு. தந்த ஆக்கள் புதுசு எடுக்கச் சொல்லீனம். உள்ளுக்க ஏதும் உதவுமெண்டால் கழட்டி எடும்" என்றார். தந்த ஆட்கள் யார் என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. அவர்கள் தொலைபேசியில் எனக்குச் சொன்ன பதிலும் அதுதான்: சூடு கூடிவிட்டது, சிப் போய்விட்டது, மாற்றுங்கள்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன லினக்ஸ் போர்ட், ஒரு மொடம், பெற்றறி. போர்டில், கரண்ட் போனாலும் தரவை வைத்திருக்கும் 128 மெகாபைட் நாண்ட் பிளாஷ் நினைவகச் சிப் ஒன்று. சீரியல் வயரைப் பொருத்தி, 115200 வேகத்தில் மடிக்கணினித் திரையில் பார்த்தேன். செத்துப்போன பெட்டி என்றால் திரையில் ஒன்றும் வராது. இதிலோ எழுத்து மளமளவென்று ஓடியது. புரொசெசர் சரி, ராம் சரி, லினக்ஸை எழுப்பும் தொடக்க நிரலான யூ-பூட் ஏறுகிறது, லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் விரிகிறது. பிளாஷ் சிப்பை இனங்கண்டு பக்கம் (ஒரு தடவையில் எழுதும் அளவு) 2048 பைட், உதிரிப் பகுதி (ஒவ்வொரு பக்கத்தோடும் திருத்தக் கணக்குக்கு ஒதுக்கிய இடம்) 64 பைட், தொகுதி (ஒரு தடவையில் அழிக்கும் அளவு) 128 கிலோபைட் என்று எழுதுகிறது. அதற்குக் கீழே ஒரு வரி: இந்தக் கருவியில் பாவிக்கும் பிழைதிருத்தம், சிப் கேட்கும் பிழைதிருத்தத்தை விட மிகவும் பலவீனமானது. ஆங்கிலத்தில்தான், ஆனால் எச்சரிக்கை என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் முன்னால் போட்டு. இன்னும் கொஞ்சம் கீழே கோப்பு முறைமை ஏறவில்லை என்று புலம்பிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இப்படியே சுற்றிச் சுற்றிப் பெற்றறி இறங்கும் வரை.

அந்த எச்சரிக்கை லினக்ஸ் கேர்னலிலேயே எழுதப்பட்டிருப்பது. பெட்டி புதிதாக இருந்த நாளிலும் கரண்ட் ஏறிய ஒவ்வொரு முறையும் அது வந்திருக்கும். பொதி பிரித்துப் பூட்டியவர்களில் ஒருவர் அதை வாசித்திருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திராது.

விடயத்துக்கு வருகிறேன். நாண்ட் வகைப் பிளாஷை தொஷிபாவில் ஃபுஜியோ மசுவோக்காவின் குழு 1987இல் வெளியிட்டது. ஒவ்வொரு பிட்டும் ஒரு சிறிய கலத்தில் அடைத்துவைத்த மின்னேற்றம். அந்த ஏற்றம் மெல்ல மெல்லக் கசியும். பக்கத்துக் கலத்தில் எழுதினாலும், அதே தொகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தாலும் கொஞ்சம் குழம்பும். சூட்டில் கசிவு வேகமாகும் என்பதும் உண்மை, அந்த அளவுக்கு அன்பர் சொன்னது சரி. ஆனால் இதெல்லாம் சிப் செய்பவருக்குத் தெரியாத இரகசியமல்ல. ஒரு சில பிட்டுகள் புரளும், ஒரு சில தொகுதிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பழுதாக இருக்கும் என்று தரவுத்தாளில் எழுதித்தான் விற்கிறார். ஒவ்வொரு 512 பைட்டுக்கும் இத்தனை பிட் பிழையைத் திருத்தும் ஏற்பாடு உன் பக்கத்தில் இருக்க வேண்டும், இருந்தால் நான் உத்தரவாதம் என்பது அவருடைய நிபந்தனை. பென் டிரைவிலும் கைத்தொலைபேசியிலும் இந்த ஏற்பாட்டை உள்ளேயே இருக்கும் கட்டுப்படுத்தி பார்த்துக்கொள்கிறது, ஆகவே அங்கே நமக்கு இந்தத் தலையிடி இல்லை. வெறும் நாண்ட் சிப்பை நேரே போர்டில் ஒட்டினால், திருத்துவது சிப்போடு பேசும் நிரலான லினக்ஸின் பிளாஷ் ட்ரைவருடைய வேலை. எவ்வளவு திருத்த வேண்டும் என்று அதற்கு ஒருவர் சரியாகச் சொல்லிவைக்க வேண்டும்.

இந்தப் பெட்டிகளில் சொல்லியிருந்தது ஹமிங் முறை. பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹமிங் 1950இல் வெளியிட்டது. பால் சங்கக் கணக்குப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகை வலப்பக்கம், ஒவ்வொரு நிரலின் கூட்டுத்தொகை அடியில். ஒரு கட்டத்தில் ஒரு எண் மட்டும் மாறியிருந்தால் ஒரு வரிசையும் ஒரு நிரலும் இடிக்கும், இரண்டும் சந்திக்கும் கட்டம்தான் கள்ளன். இரண்டு கட்டங்கள் மாறினால் பிழை இருப்பது தெரியும், எங்கே என்று சொல்ல முடியாது. மூன்று மாறினால் நல்ல கட்டம் ஒன்றைக் கள்ளனென்று காட்டி அதையும் கெடுத்துவிடக் கூடும். லினக்ஸ் ட்ரைவரில் உள்ள ஹமிங் 256 பைட்டுக்கு 3 பைட் எடுத்து, அந்த 256 பைட்டுக்குள் 1 பிட்டைத் திருத்தும். 2048 பைட் பக்கத்துக்கு 24 பைட். எளிமையானது, வேகமானது, பழைய சிப்களுக்குத் தாராளமாகப் போதும்.

சரி, பிறகு ஏன் பழுது? பெட்டிகள் இரண்டு தொகுதியாக (சிப்புக்குள் இருக்கும் தொகுதியல்ல, இரண்டு தடவையாக இறக்கிய சரக்கு) வந்திருக்கின்றன. முதல் தொகுதியில் இருந்த சிப் 512 பைட்டுக்கு 1 பிட் திருத்தம் கேட்பது. இரண்டாம் தொகுதியில் அதே கொள்ளளவு, அதே கால்கள், வேறு நிறுவனத்தின் சிப். அது 512 பைட்டுக்கு 4 பிட் கேட்கிறது. மென்பொருளை மட்டும் முதல் தொகுதியிலிருந்து அப்படியே கொப்பி பண்ணி ஏற்றிவிட்டார்கள். வெளியே ஸ்ரிக்கர் ஒன்று, போர்ட் ஒன்று, உள்ளே சிப் வேறு. பூட்டிய அன்றைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் வேலை செய்யும். ஒரு சோளகக் காலம் போனபின்தான் வித்தியாசம் தெரியும், ஒரே 256 பைட்டுக்குள் இரண்டாவது பிட் புரளும்போது.

என் மேசைக்கு வந்த செத்த பெட்டிகள் எல்லாமே இரண்டாம் தொகுதி. முதல் தொகுதிப் பெட்டிகள் அதே சூரியனுக்குக் கீழே, நிழல் இல்லாத அதே குளக்கட்டுகளில், தகரப் பெட்டிக்குள் வெந்துகொண்டு இன்றைக்கும் நீர்மட்டம் அனுப்புகின்றன. வெயில்தான் கொன்றதென்றால் அவற்றை ஏன் விட்டுவைத்தது? அன்பர் இதற்குப் பதில் எழுதினால் வாசிக்க ஆவலாக இருக்கிறேன்.

திருத்திய விதத்தையும் சொல்கிறேன், தொழில் செய்யும் பெடியளுக்கு உதவும்.

இந்தப் புரொசெசரிலேயே பிசிஎச் கணக்குச் செய்யும் பகுதி இருக்கிறது. பிசிஎச் என்பது ஹொக்கன்கெம் என்ற பிரெஞ்சுக்காரர் 1959இலும், வங்காளிகளான ஆர். சி. போஸும் டி. கே. ராய்-சௌத்ரியும் 1960இலும் தனித்தனியாகக் கண்ட பிழைதிருத்த முறை. பிளாஷ் என்ற பொருளே இல்லாத காலத்தில் செய்தது, இன்று குளக்கட்டு வரை வந்திருக்கிறது. அதில் 512 பைட்டுக்கு ஒரு பிட் திருத்த 13 பிட் இடம் வேண்டும். 4 பிட்டுக்கு 52 பிட், அதாவது 7 பைட். 8 பிட்டுக்கு 104 பிட், சரியாக 13 பைட். ஒரு பக்கத்தில் 512 பைட்டாக நாலு துண்டு, ஆகவே 8 பிட் திருத்தத்துக்கு 52 பைட். உதிரிப் பகுதி 64 பைட், அதில் முதல் 2 பைட் பழுதுத் தொகுதிக் குறிக்குப் போனால் மிச்சம் 62. இடம் இருக்கிறது. 16 பிட் என்று ஆசைப்பட்டால் 104 பைட் கேட்கும், அது அடங்காது. சிப் கேட்பது 4தான், ஆனாலும் 8 போட்டேன். இடமும் கணக்குப் பொறியும் சும்மா கிடக்கும்போது மட்டுமட்டாகப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ட்ரைவரில் மாற்ற வேண்டியது உண்மையில் இரண்டே எண்கள். வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பில் துண்டின் அளவு 512, திருத்தும் வலு 8. கூடவே, கணக்கை யார் செய்வது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்: புரொசெசரின் பொறியா, மென்பொருளா, சிப்பே தன் வயிற்றுக்குள் செய்துகொள்கிறதா. மைக்ரோன் போன்றவர்களின் சில சிப்கள் தாங்களே திருத்தும், அந்த வசதி திறந்திருக்கும்போது ட்ரைவரும் அதே உதிரிப் பகுதியில் தன் கணக்கை எழுதப் போனால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒருவர்தான் செய்ய வேண்டும்.

சிக்கல் எண்களில் இல்லை, அவற்றைப் பார்ப்பவர்கள் பலர் என்பதில். அதே பிளாஷை முதலில் புரொசெசரின் உள்ளே எரித்துவைத்த பூட் ரொம் வாசிக்கிறது, பிறகு யூ-பூட், பிறகு லினக்ஸ். பூட் ரொம்முக்குத் தெரிந்த முறையை நாம் மாற்ற முடியாது. பழைய ஓமாப்-3 புரொசெசர் போர்டுகளில் வேலை செய்தவர்களுக்கு இது நினைவிருக்கும்: முதலில் ஏறும் சின்ன நிரலை வன்பொருள் ஹமிங்கில் எழுத வேண்டும், கேர்னலை வேறு முறையில் எழுத வேண்டும், அதற்காகவே யூ-பூட்டில் முறை மாற்றும் கட்டளை ஒன்று இருந்தது. யூ-பூட் ஒரு முறையில் எழுதி, லினக்ஸ் இன்னொரு முறையில் வாசித்தால் நல்ல சிப்பும் முழுக்கப் பிழையாகத் தெரியும். லினக்ஸில் மட்டும் எண்ணை மாற்றிவிட்டு "இப்ப இன்னும் மோசம்" என்று கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். பழைய முறையில் எழுதிய தரவைப் புதிய முறையில் வாசிக்கவும் முடியாது. அதனால் முதலில் பழைய அமைப்பிலேயே வாசிக்கக் கூடிய நீர்மட்டப் பதிவுகளை எல்லாம் வெளியே எடுத்து, பிறகு அழித்து, எல்லாப் பகுதியையும் புதிதாக எழுதினேன். தலைவர் ஐயாவுக்குக் காலபோகப் பதிவுகள் பெரும்பாலும் திரும்பக் கிடைத்தன. பெட்டியை விட அதில்தான் அவருக்குச் சந்தோசம்.

ஒரு கண்ணி இன்னும் இருந்தது. அழித்த பக்கத்தில் எல்லாப் பிட்டும் 1 என்றே வாசிக்கும். அங்கே திருத்தக் கணக்கு எதுவும் எழுதப்படவில்லை. அந்த வெற்றுப் பக்கத்தில் ஒரு பிட் பூச்சியமாகப் புரண்டால், சில பழைய ட்ரைவர்கள் அதை எழுதிய பக்கம் என்று எடுத்துக் கணக்குப் பார்த்து, திருத்த முடியாத பிழை என்று கத்தும். யூபிஐஎப்எஸ் கோப்பு முறைமையும் வெற்றிடம் கெட்டுவிட்டது என்று ஏற மறுக்கும். ஒழுங்கான ட்ரைவர், பூச்சியங்களை எண்ணிப் பார்த்து, திருத்தும் வலுவுக்கு உட்பட்டால் வெற்றுப் பக்கம் என்றே திருப்பிக் கொடுக்கும். பெட்டியில் இருந்த கேர்னல் பழசு, அதில் இந்தச் சோதனை இல்லை. புதிய கேர்னலுக்கு மாற்றியபின்தான் எனக்கு நிம்மதி.

வலுவை 8 ஆக்கியதில் இன்னொரு நன்மை. ஒரு துண்டில் திருத்திய பிட்டுகள் ஒரு எல்லையைத் தொட்டால் லினக்ஸ் மேலே சொல்லும், பிளாஷ் தொகுதிகளைப் பராமரிக்கும் யூபிஐ என்ற லினக்ஸ் பகுதி அந்தத் தரவை வேறு தொகுதிக்கு மாற்றி எழுதிவிடும். எல்லையை நாம் மாற்றாவிட்டால் அது வலுவின் முக்கால் பங்கு, 8க்கு 6. ஆறு பிட் புரளும் வரை பதறாமல் இருந்து, எட்டைத் தாண்டும் முன் குடிபெயர்க்கும். 1 பிட் திருத்தத்தில் இப்படி இடைவெளியே இல்லை: முதலாவது புரளல்தான் எச்சரிக்கை, அடுத்தது சாவு.

திருத்துநர்களான எங்களிடமும் சில பழக்கங்கள் உண்டு. நல்ல பெட்டி ஒன்றின் சிப்பைக் கழற்றி, புரோகிராமர் கருவியில் முழுதாக வாசித்து, மற்றதில் அப்படியே அச்சடிப்பார்கள். பழுதுத் தொகுதிகள் ஒவ்வொரு சிப்பிலும் வெவ்வேறு இடத்தில் இருக்கும் என்பதை அந்த அச்சு பார்க்காது. சிப் வகை வேறானால் திருத்த அமைப்பும் தவறாகவே கொப்பியாகும், இந்தப் பெட்டிகளுக்கு நடந்ததே அதுதான். இன்னும் சிலர் யூ-பூட்டில் சாதாரண அழிப்பு மறுத்தால் ஸ்கிரப் கட்டளையை அடிப்பார்கள். அது தொழிற்சாலை போட்ட பழுதுக் குறிகளையும் சேர்த்து அழிக்கும். போன குறியைத் திரும்பக் கண்டுபிடிக்க நம்பகமான வழி கிடையாது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

இனி, பொதுப் பணத்தில் இத்தகைய கருவிகளை வாங்குபவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். விலைமனுவில் பெட்டியின் நிறம், பூட்டு, சோலார் தட்டின் வாற்று எல்லாம் எழுதுகிறீர்கள். பிளாஷ் சிப்பின் இலக்கம் என்ன, மாற்றுச் சிப் போட்டால் எவை, ஒவ்வொன்றும் கேட்கும் திருத்தம் எத்தனை, ட்ரைவரில் போட்டிருப்பது எத்தனை என்று ஒரு வரி சேருங்கள். ஒப்படைக்கும்போது ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பெட்டியின் தொடக்கப் பதிவை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள், அந்த எச்சரிக்கை வரி இருந்தால் திருப்பி அனுப்புங்கள். கேர்னலின் மூலநிரலையும் டிவைஸ் ட்ரீயையும் கேளுங்கள். லினக்ஸ் கேர்னல் ஜீபீஎல் என்ற திறந்த மூல உரிமத்தின் 2ஆம் பதிப்பில் வருவது, பெட்டியோடு அதை விநியோகிப்பவர், வாங்கியவர் கேட்டால் மூலநிரலைத் தரக் கடமைப்பட்டவர். வழங்கியவர்கள் "அது கொம்பனி இரகசியம்" என்று எனக்குச் சொன்னார்கள், அது செல்லாத கதை. கிடைக்காதபடியால் டிவைஸ் ட்ரீயை ஓடும் பெட்டி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்துத்தான் வேலை செய்தேன்.

அதை விட மலிவான ஒன்றும் உண்டு. பெட்டி ஏற்கெனவே மொடத்தால் நீர்மட்டம் அனுப்புகிறது. கரண்ட் ஏறியதிலிருந்து திருத்திய பிட்டுகள் எத்தனை, திருத்த முடியாதவை எத்தனை என்று லினக்ஸ் தானாகவே எண்ணி இரண்டு சின்னக் கோப்புகளில் வைத்திருக்கிறது. அந்த இரண்டு எண்களையும் நீர்மட்டத்தோடு சேர்த்து அனுப்பச் செய்தால், எந்தக் குளத்துப் பெட்டி நோய்ப்படுகிறது என்று மாரி தொடங்கு முன்னரே தெரிந்துவிடும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒரு இரவில் பெட்டி பேசாமல் இருந்தால், பிறகு கழற்றி ஆராய்ந்து என்ன பயன்?

அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகமும் இருக்கின்றன, வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு: இதைப் பழக போர்ட் வாங்கத் தேவையில்லை. லினக்ஸில் நாண்ட்சிம் என்ற பாவனைச் சிப் இருக்கிறது, மடிக்கணினியின் ராமில் பொய்யாக ஒரு பிளாஷை உருவாக்கித் தரும். எத்தனை பிட் பிசிஎச் திருத்தம், எத்தனை பிட் புரள வேண்டும், எந்தத் தொகுதி பலவீனமாக இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லலாம். திருத்தும் வலுவை விடக் கூடுதலாகப் பிட்டைப் புரளவிட்டு, கோப்பு முறைமை எப்படி விழுகிறது என்று பாருங்கள். பார்த்தவர்கள் எவரும் என் திருத்தகத்துக்கு வரலாம், மேசையில் இடம் இருக்கிறது, வேலையும் இருக்கிறது.

கடைசியாக, பெட்டி வைத்திருக்கும் கமக்கார அமைப்புகளுக்கு. நின்றுபோன பெட்டியை எறிய வேண்டாம், யாரிடமும் கொடுத்து அழிக்கவும் வேண்டாம், உள்ளே பழைய பதிவுகள் இன்னும் இருக்கக் கூடும். பெற்றறியைக் கழற்றிவிட்டு அப்படியே கொண்டுவாருங்கள். மூடியின் உட்புறத்தில் உள்ள ஸ்ரிக்கரைக் கிழிக்காதீர்கள், முதல் தொகுதியா இரண்டாம் தொகுதியா என்பது அதில் உள்ள தொடர் எண்ணில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு திருத்துநர்,
பரந்தன்.